ஓரகத்தி வயலின் குளவி

எங்கள் வயலுக்கும் என் ஓரகத்தியின் வயலுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்புதான். மாமனார் காலத்தில் ஒன்றாகக் கிடந்த நிலம். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வாய்க்காலிலிருந்து தென்னை வரிசை வரைக்கும் ஒரு வரப்பைப் போட்டு, மேற்கே எங்களுக்கு, கிழக்கே என் கொழுந்தனாருக்கு என்று ஆயிற்று. ஆனைமலைப் பக்கம் எங்கள் ஊர். ஆழியாற்றுத் தண்ணீர்தான் இரண்டு வயலுக்கும் பாய்கிறது. அந்த வருசம் நாற்றுகூட ஒரே நாற்றங்காலில் விட்டு, புரட்டாசிக் கடைசியில் அடுத்தடுத்த நாளில் நட்டோம். மண், தண்ணீர், நாற்று எல்லாம் ஒன்றாக இருந்தும் விளைச்சல் ஒன்றாக இல்லை. அது எனக்கு எப்படி எரிந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோயில் விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் புது அரிசிப் பொங்கல். முதல் பானைக்கு அரிசி எங்கள் குடும்பத்திலிருந்து போகும். அதற்கு ஒரு கட்டு உண்டு. அந்த அரிசி அந்த வருசம் சொந்த வயலில் விளைந்ததாக இருக்க வேண்டும். விலைக்கு வாங்கியதும் ஆகாது, அடுத்தவரிடம் கேட்டு வாங்கியதும் ஆகாது. மாமியார் இருந்தவரைக்கும் அவர் சுமந்தார். அவருக்குப் பிறகு மூத்த மருமகள் என்று நான் சுமந்தேன். பித்தளைப் போசியில் அரிசியை நிரப்பி, மேலே வேப்பிலை வைத்து, மேளம் முன்னால் போக, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேறித் தடம் வழியாகக் கோயிலுக்கு நடப்பேன். ஊர்ப் பெரியவர்கள்கூட ஒதுங்கி வழி விடுவார்கள். நான் எந்த மேடையிலும் ஏறினவள் இல்லை. என் பெயரை யாரும் ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. வருசத்தில் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு.

என் வீட்டுக்காரருக்கு அந்த வருசம்தான் முழங்காலில் ஆபரேசன் ஆகியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடி அவர் சொல்ல, வயலை நான்தான் பார்த்தேன். பக்கத்து வயலை ஓரகத்தி பார்த்தாள். கொழுந்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார். அவள் அவிநாசிப் பக்கத்து மேட்டாங்காட்டிலிருந்து வந்தவள். சோளமும் கடலையும் பார்த்து வளர்ந்தவளுக்கு நெல் என்றால் என்னவென்றே தெரியாது. நாற்றை எந்த விரலில் பிடித்து எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்று அவளுக்குக் காட்டினதே நான்தான். இதை அப்போது நாளுக்கு நாலு தடவை நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில் களை எடுக்க ஆள் விட்டிருந்தோம். பாதி வயல் போனதும் ஒருத்தி நிமிர்ந்து நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க்கா, நெல்லு நடறேன்னு சொல்லிப்போட்டு வெங்காயம் நட்டுட்டீங்களா?"

"என்ன புள்ள சொல்ற?"

"வந்து பாருங். தாளு தாளா நிக்குது. சின்ன வெங்காயமுங்களா, பெரிய வெங்காயமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். நடுக்குருத்து இலையாக விரியாமல் குழலாகச் சுருண்டு, உள்ளே வெற்றாக, வெளிறிப்போய் நீண்டிருந்தது. வெங்காயத்தாளே தோற்றுவிடும். ஆனைக்கொம்பன். கொசு மாதிரி ஒரு ஈ. அது முட்டை வைக்க, புழு குருத்துக்குள் போய் உட்கார்ந்து தின்ன, பயிர் அந்தக் குருத்தைத் தந்தம் போல நீட்டிவிடும். கொம்பு விட்ட தூரில் கதிர் வராது. இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இத்தனை கொம்பு ஒரே வயலில் நான் பார்த்ததில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் வயலிலும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

மறுநாளே மருந்து வாங்கிவந்து ஆள் வைத்து அடித்தேன். எட்டு நாள் கழித்து, கடைக்காரர் கொடுத்த அதைவிடக் காட்டமான ஒன்றையும் அடித்தேன். கொம்பு குறையவில்லை. ஓரகத்தி எதுவும் செய்யவில்லை. வாய்க்கால் மேட்டில் கேட்டேன்.

"ஏனம்மணி, நீ மருந்தடிக்கலையா?"

"இல்லீங்க்கா. மருந்து நெடி பட்டா எங்க சின்னப் பொண்ணுக்கு இளைப்பு வந்துருது. போன வாட்டி ரெண்டு நாளு ஆஸ்பத்திரில கெடந்தோமில்லீங்."

"அப்ப வயலு?"

"அம்மன் பாத்துக்குவாங்க."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள் நான். ஆடி மாதம் பூராவும் ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிறவள் நான். இவள் கோயிலுக்கு வந்தால் குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டே அரை நிமிடம் கும்பிட்டுவிட்டுப் போகிறவள். அம்மனைப் பற்றி இவள் எனக்குச் சொல்கிறாளா?

பத்துப் பன்னிரண்டு நாளில் அவள் வயலில் புதுக் கொம்பு வருவது நின்றுபோனது. பழைய கொம்புகள் அப்படியே நின்றன. ஆனால் பக்கத்தில் புதிதாக வெடித்த தூரெல்லாம் நல்ல இலையாக விரிந்து பச்சை கட்டியது. என் வயலில் வெடிக்கிற தூரெல்லாம் குழலாகவே வந்தது. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இரண்டு வயலும் தெரியும். அந்த மாதம் நான் சட்டியில் கடுகு வெடிக்கிறதைப் பார்த்ததை விட அவள் வயலைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டு தடவை பொரியல் அடிப்பிடித்தது.

"ஏம்புள்ள, தீயிற வாசம் வாசல் வரைக்கும் வருது, உனக்கு மூக்கு அடைச்சுப்போச்சா?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"அக்கட்டால வயலப் பாருங், மருந்தே அடிக்காம எப்படி நிக்குது!"

"நிக்கட்டும். தம்பி வயலுதானே?"

அவருக்குத் தம்பி வயல். எனக்கு அப்படி இல்லை. என் வயல் முழுக்கப் போய்விட்டால், சொந்த வயல் அரிசி என்று சொல்ல ஒரு போசி நெல்கூட மிஞ்சாது. தை வெள்ளிக்கிழமை போசி அவள் தலைக்குப் போகும். ஒரு தடவை போனால் போனதுதான். அவளுக்கு வயசும் குறைவு, நடையும் நிமிர்ந்த நடை. ஊர் அவளையே பார்த்துப் பழகிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று நான் கேட்டதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. என் வயலைக் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. தாயே, அவள் வயலிலும் வரட்டும் என்று கேட்டேன். கைகூப்பி, கண்ணை மூடி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் கேட்டேன். பூசாரி கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, ஏதோ நல்ல காரியம் முடித்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

வரும் வழியிலேயே எனக்கு ஒரு யோசனை. இது பூச்சி இல்லை, கண்ணு. என் வயல் ஒவ்வொரு வருசமும் ஊரில் முதலாக நிற்கிறதே, அதில் அவள் கண் பட்டிருக்கிறது. அதனால்தான் அவளுடையது தேறுகிறது, என்னுடையது தேய்ந்துகொண்டே போகிறது. பிள்ளைகளுக்குச் சுற்றிப்போடுகிறோம், மாட்டுக்குச் சுற்றிப்போடுகிறோம். வயலுக்கு ஏன் போடக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம் கூடையோடு இறங்கினேன். என் வயலில் கைக்குக் கிடைத்த கொம்பையெல்லாம் பிடுங்கினேன். கண் பட்டது அந்தப் பக்கத்திலிருந்துதானே, அங்கிருந்தும் எடுத்தால்தான் கழியும் என்று தோன்றியது. வரப்பைத் தாண்டி, அவள் வயலின் ஓரத்தில் இரண்டு வரிசை முழுக்கப் பிடுங்கிப் போட்டுக்கொண்டேன். கல்லுப்பும் மிளகாயும் சேர்த்து, என் வயலின் நாலு மூலையையும் சுற்றி வந்து, வரப்பு மேட்டில் தென்னமட்டையைப் போட்டுக் கொளுத்தினேன். பச்சைத் தாள் எரியாமல் புகைந்தது. கிழக்கே அடித்த காற்றில் புகை அவள் வீட்டுப் பக்கம்தான் போனது. சின்னவள் இருமுகிற சத்தம் கேட்டது. அவள் ஜன்னலைச் சாத்துவதையும் பார்த்தேன். அப்போதும் நான் தீயை அணைக்கவில்லை.

மூன்றாம் நாள் வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். சின்ன வயசு. காலில் இருந்த செருப்பைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். ஓரகத்தி வயலைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம்.

"என்ன மருந்துங்கக்கா போட்டீங்க?"

"ஒண்ணுமே போடலீங்."

"அதான் தப்பிச்சிருக்குது" என்று சொல்லி, ஒரு கொம்பைப் பிடுங்கி அடியில் நகத்தால் கீறினாள். என்னையும் கூப்பிட்டாள். பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். குழலின் அடியில் ஒரு புழு. அது அசையவில்லை. மூட்டையில் அரிசியைத் திணித்தது போல அதன் தோலுக்குள் பொடிப்பொடியாக வெள்ளையாய் என்னவோ நெருக்கிக்கொண்டு கிடந்தன.

"அய்யே, என்னம்மணி இது?" என்றேன்.

"குளவிங்கம்மா. இன்னும் வெளியே வரல."

"குளவின்னா? கொட்டுமா?"

"உங்களைக் கொட்டாதுங். எள்ளுல கால் பங்குகூட இருக்காது. கறுப்பா, கண்ணுக்குத் தெரியாமப் பறக்கும். ஆனைக்கொம்பன் ஈ முட்டை வெக்குதில்லீங், இது தேடிப் போயி அந்த முட்டைக்குள்ளயே தன்ற முட்டைய வெச்சுருது. புழு குருத்துக்குள்ள போயி வளந்துட்டு இருக்கும், புழுவுக்குள்ள இதுக வளந்துட்டு இருக்கும். உள்ளே இருந்தே தின்னு தோலை மட்டும் விட்டுட்டு, ஒரே புழுவுலருந்து ஒரு கூட்டமே வெளிய வரும்."

உள்ளே இருந்தே தின்னும் என்று அவள் சொன்னபோது நான் ஓரகத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ற வயல்ல ஏன் இது வரல?" என்று கேட்டேன்.

"மருந்தடிச்சீங்களா?"

"ரெண்டு வாட்டி."

"புழு கொழாய்க்குள்ள பத்திரமா உக்காந்திருக்கும்ங்கம்மா. மருந்து பட்டு மொதல்ல சாகறது வெளிய பறக்கற இந்தக் குளவிதான்." பிறகு அவளே தேறுதல் சொன்னாள். "இன்னும் தூர் வெடிக்குது. ஒண்ணும் போயிரல. இந்த வயல்ல குளவி இருக்கற கொம்பாப் பாத்துப் பறிச்சு, உங்க வயல்ல பத்தடிக்கு ஒண்ணா சேத்துல சொருகி வெச்சீங்கன்னா, வெளிய வந்து உங்க வயலயும் பாத்துக்கும். வரப்போரத்துல இருக்கறதே நெம்ப நல்லது. தானாவே தாண்டிருக்கும்." அப்படிச் சொல்லிக்கொண்டே வரப்போரம் போனவள் நின்றாள். "ஏனுங்க, இங்க ரெண்டு வரிசையில கொம்பையே காணமே? யாரு பிடுங்குனது?"

வரப்பு மேட்டில் கறுப்பாகச் சாம்பல் கிடந்தது. இரண்டு மிளகாய்க் காம்புகள்கூட எரியாமல் கிடந்தன. ஓரகத்தி சாம்பலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னாள்.

"ஆடு வந்து கடிச்சிருக்கும்ங்."

"ஆடு கொம்பை மட்டும் பாத்துக் கடிக்குமுங்களா?"

"எங்கூரு ஆடு கடிக்கும்ங்" என்றாள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். இவள் அதற்கும் வழி விடவில்லை. வயல்தான் அவளுக்கு நன்றாக வந்தது என்றால் குணமும் அவளுக்கே நன்றாக வர வேண்டுமா என்று எனக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நீ கண்ணுன்னு சுத்திக் கொளுத்துனது நம்ம பயிரோட வைத்தியனையா?"

"சிரிக்காதீங்."

"சிரிக்கல. போயிக் கேளு. கொம்புதானே, குடுப்பா."

"நானா போயிக் கேக்கறது?"

"பின்னே நான் இந்தக் காலோட வரப்புல நடந்து போவட்டுமா?"

கேட்க எனக்கு வாய் வரவில்லை. விடிந்ததும் அவள் எழுவதற்கு முன்னால் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். கோயில் அரிசி சுமக்கிறவள், திருடப் போனேன். வரப்பில் ஏறும்போதே பார்த்துவிட்டேன், அவள் வயலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஈரச் சாக்கின் மேல் கொம்புகளைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தாள்.

"வந்துட்டீங்களாக்கா? நானே கொண்டாரலாம்னு இருந்தேன். வெயிலு ஏறிட்டா காஞ்சுருமாம். சீக்கிரம் எடுத்துட்டுப் போங்."

"எனக்கொண்ணும் வேண்டாம்" என்றேன். கையில் கூடையோடு வந்தவள் சொல்கிற பேச்சா அது?

அவள் என் கூடையைப் பார்த்தாள். "அப்படிங்களா? அப்ப கூடை எதுக்குங், கீரை பறிக்கவா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவளே சாக்கைத் தூக்கிக்கொண்டு வரப்பைத் தாண்டி என் வயலில் இறங்கினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகச் சொருகிக்கொண்டே போனோம். வழியெல்லாம் நான் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன்.

"சின்னவளுக்கு அன்னிக்கு இளைப்பு வந்துதா?"

"லேசா. நீராவி புடிச்சேன், சரியாப்போச்சு."

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காப்பாற்ற முடிந்தது பாதிதான். மேற்குப் பக்கம் அதற்குள் கொம்பாகவே முற்றியிருந்தது. கிழக்குப் பக்கம் கடைசியாக வெடித்த தூர்களில் கதிர் பிடித்தது. தையில் அறுத்தோம். அவள் களத்தில் நெல் குவிந்ததை நான் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். என் குவியல் அவள் குவியலின் நிழலுக்குள் அடங்கும்போல இருந்தது. ஆனாலும் ஒரு போசிக்கு எவ்வளவு வேண்டும்? என் நெல் போதும். இந்த வருசமும் போசி என் தலையில்தான் என்று நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தபோது உடம்பெல்லாம் குளிர்ந்தது.

புழுங்க வைக்காமல் ஒரு மரக்கால் நெல்லைத் தனியாகக் காயவைத்து அரைத்துக்கொண்டு வந்தேன். கல் பொறுக்க முறத்தில் கொட்டி உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தக் கட்டு ஞாபகம் வந்தது. சொந்த வயலில் விளைந்ததாக இருக்க வேண்டும், கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது. விளைந்தது என் வயல்தான். ஆனால் விளைய வைத்தது? அந்தக் குளவி எந்த வயலில் பிறந்தது? நான் எரித்ததும் அவள் கொடுத்ததும் ஒரே வகைக் கொம்புதானே. முறத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன புள்ள, அரிசியைப் பாத்து செபம் பண்ற?" என்றார் வீட்டுக்காரர்.

சொன்னேன்.

"பூச்சியெல்லாமா கடன்ல சேரும்? அந்தக் கட்டைப் போட்டவங்க நெல்லை நெனச்சுப் போட்டாங்க. யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங். அம்மன் முன்னால நிக்கறது நான்தானுங்களே. அந்தம்மாகிட்ட நான் முந்தி கேட்டது வேற இருக்குதுங்."

என்ன கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

போசியைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆகும்வரை தேய்த்தேன். பாதி வழியில் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, செருப்புக்கூடப் போடாமல் வரப்பு வழியாகவே வேகமாக நடந்து அவள் வீட்டு வாசலில் வைத்தேன்.

"இந்த வருசம் நீ எடுத்துட்டுப் போ."

"என்னங்க்கா சொல்றீங்க? முறை உங்களுதுங்."

"உன்ற வயல்லதான் அரிசி இருக்குது."

"உங்களுதுலயும் இருக்குதுங்களே."

"அதுவும் உன்ற வயலுதுதான், போ" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தேன். வரும்போது அழுதேன். மனசு திருந்தி அழுதேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போசி போய்விட்டதே என்றுதான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை மேளம் முன்னால் போக அவள் நடந்தாள். அரக்குச் சேலை. நான் நினைத்தது போலவே நிமிர்ந்த நடை. நான் பெண்களோடு பெண்ணாகப் பின்னால் போனேன். "ஏனுங்க்கா, இந்த வாட்டி உங்க ஓரகத்தியா?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். "ஆமாங், நான்தான் சொன்னேன்" என்றேன். இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

அவள் அரிசியை அள்ளிப் போட்டதும் பானை சட்டென்று கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம். நான் போட்ட வருசங்களில் அத்தனை சீக்கிரம் ஒரு தடவையும் பொங்கியதில்லை. எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். நானும் வாயைத் திறந்தேன். என் சத்தம் எல்லோருக்கும் கடைசியாக வந்தது. அம்மனைப் பார்த்தேன். தாயே, இன்னும் எரியுது, நீதான் பார்த்துக்கோணும் என்றேன். அன்றைக்கு நான் உண்மையாகக் கேட்டது அது ஒன்றுதான்.

பூசை முடிந்ததும் அவள் முதல் கரண்டிப் பொங்கலை வாழையிலையில் வைத்து நேராக என்னிடம் கொண்டுவந்தாள். வியர்த்து, புகை பட்டுக் கண் சிவந்து நின்றாள். சின்னவள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஊர்ப் பெண்களெல்லாம் இருந்தார்கள்.

"எப்படிங்க்கா இருக்குது? இங்க மொத வாட்டி வெக்கறேனுங்."

வாயில் போட்டேன். அடிப்பிடித்திருந்தது. லேசாகத்தான், ஆனால் என் நாக்குக்குத் தப்புமா? அந்த வாசம் தெரிந்ததும் எனக்குள்ளே வந்த சந்தோசத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும், அடுத்த வருசம் போசி எனக்கு வந்துவிடும்.

"நெம்ப நல்லாருக்குது அம்மணி" என்றேன். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றேன்.